பதுளைக்கு வேண்டிய ஒரு படிப்பு

தண்ணீர்க் குழாயடியில் தொடங்கிய வாய்ச்சண்டை, ஒருவர் மண்டை உடைந்து முடிகிறது. அடிபட்டவர் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் பசறைக்கோ பண்டாரவளைக்கோ முறைப்பாடு கொடுக்கப் போகிறார். அவர் தமிழில் சொல்ல, பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதுகிறார். கூடவந்த தோட்டத் தலைவர் தமக்குத் தெரிந்த மட்டில் எடுத்துச் சொல்கிறார். கடைசியில் ஒப்பம். மாதங்கள் கழித்து நீதவான் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, “அவர் கையில் கத்தி இருந்தது என்று அன்று பொலிஸில் சொல்லவில்லையே?” என்று கேட்கும்போதுதான், தாம் எதில் ஒப்பம் வைத்தோம் என்பது இவருக்குத் தெரியவருகிறது.

சட்டத்தில் இதற்கு இடமில்லை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, வாக்குமூலம் கொடுத்தவருக்கு எழுதிய மொழி தெரியாவிட்டால், தெரிந்த மொழியில் அதை விளங்கப்படுத்த வேண்டும். விளக்கவும் கூட்டிச்சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு பெறும் உரிமையை அரசியலமைப்பே தருகிறது. பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பகுதிகளாக 1999இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டன. உரிமை தாளில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதை நடத்திக்காட்டும் ஆள்தான் குறைவு.

தோட்டத்து ஆட்கள் பொலிசைக் கண்டு ஒதுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச்சட்டம், முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப்போவதையே குற்றமாக்கிச் சிறைத்தண்டனை வைத்தது. கடனோடு ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. சம்பளத் தகராறுக்கே மறியலுக்குப் போன தாத்தாவின் கதையைக் கேட்டு வளர்ந்த வீட்டில், பிள்ளை சட்டம் படிக்கட்டும் என்ற எண்ணம் எளிதில் வராது.

வரவேண்டும் என்பதற்கு ஊவாவிலேயே ஒரு பெரிய காரணம் உண்டு. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து, அரச காவலில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கேதான் இருந்தார்கள். 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை தீர்ப்பானது. 2005க்குள் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது, சாட்சியம் போதவில்லை. இத்தனை பேர் பட்டப்பகலில் செத்த இடத்தில் சாட்சியம் எப்படிப் போதாமல் போகும்? சம்பவ இடத்தைப் பாதுகாப்பது, அடையாள அணிவகுப்பு நடத்துவது, சாட்சியைக் காப்பது, இதெல்லாம் யாரோ ஒருவர் முறையாகப் படித்துச் செய்யவேண்டிய வேலைகள். அந்தப் படிப்புக்குத்தான் குற்றவியல் நீதி நிர்வாகம் என்று பெயர். பொலிஸ், நீதிமன்றம், சிறைச்சாலை, நன்னடத்தைத் திணைக்களம் நான்கையும் அது ஒன்றாக வைத்துப் பார்க்கிறது.

அமெரிக்காவில் பல கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் இதைப் பட்டப்படிப்பாக நடத்துகின்றன. மதத்தைச் சேர்ந்தவர் நீதியைப் படித்தால் என்ன புதிதாக வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். கனடாவின் எல்மைரா ஊரில் 1974இல் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு 22 இடங்களில் சேதம் செய்தார்கள். மெனோனைட் சபையைச் சேர்ந்த மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அதிகாரி, அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே கூட்டிப்போக நீதிபதியிடம் அனுமதி கேட்டார். கதவைத் தட்டி, தப்பை ஒப்புக்கொண்டு, நட்டத்தைக் கொடுத்துத் தீர்த்தார்கள். சீர்செய் நீதி என இன்று உலகம் பேசும் முறைக்கு அது பெரிய தொடக்கம். அந்தச் சபையின் ஈஸ்டர்ன் மெனோனைட் பல்கலைக்கழகத்தில்தான் ஹவர்ட் செர் என்பவர் அதைப் பாடமாக வளர்த்தார்.

நமக்கும் இது அந்நியமில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள் சிறு குற்றங்களையும் சச்சரவுகளையும் சட்டத்தரணி இல்லாமலே பேசித் தீர்க்கின்றன. குழாயடி அடிதடிகளில் பாதி அங்கேயே முடியக்கூடியவை. ஆனால் வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணை, ‘சமாதானமாய்ப் போ’ என்று அனுப்பிவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது. எதைப் பேசித் தீர்க்கலாம், எதைத் தீர்க்கக்கூடாது என்று பிரித்தறியப் படிப்பு வேண்டும். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் இதில் முன்னுக்கு வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஸ்ரீ ஜயவர்தனபுரவில் குற்றவியல் நீதி பட்டப் பாடமாக இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்துக்குப் பதுளையில் பிராந்திய நிலையம் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே சட்டம் படிக்க அது ஒரு வழி. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலையைப் பற்றிப் படிக்கலாம். சட்ட பீடம் கிடையாது. அங்கே இருமொழியில் ஓர் ஆண்டு டிப்ளோமாவாவது தொடங்கலாம். 1972இலிருந்து இங்கே மறைமாவட்டம் இருக்கிறது, மெதடிஸ்த சபையின் பழைய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. மண்டபமும் மாணவரும் திரட்டித்தர அவர்களால் முடியும். உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில், சிங்களம் சரளமாகப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் நன்னடத்தை அதிகாரியாகவும் பொலிஸ் பரிசோதகராகவும் வரக்கூடிய முதல் அணி அவர்களிடமிருந்தே கிடைக்கும்.