அடிக்கிற கை அணைக்குமா?

"புகையிலை விரிச்சால் போச்சு, பொம்பிளை சிரிச்சால் போச்சு" என்று எங்கள் கிராமங்களில் ஒரு பழமொழி உண்டு. புகையிலை செய்தவர்களுக்கு அதன் முதற் பாதி நன்கு விளங்கும். பாடம் போட்டுக் கட்டிய புகையிலையை விரித்து வைத்தால் அதன் காரமும் மணமும் போய்விடும். இது அனுபவத்தில் கண்ட உண்மை. ஆனால் இரண்டாம் பாதியை யார், எந்தத் தோட்டத்தில் பரீட்சித்துப் பார்த்தார்கள்? ஒரு பெண் வாய்விட்டுச் சிரிப்பதால் எது கெட்டுப்போகிறது? "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பதும் இத்தகையதே. இவற்றைச் சிறுவயது முதல் கேட்டு வளர்வதால், பெண்ணை அடக்குவதும் அடிப்பதும் உலக வழமை என்று எண்ணிவிடுகிறோம்.

வன்முறை என்றால் என்ன?

பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிப்பதற்கான பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் சபை 1993இல் வெளியிட்டது. உடலுக்கும் உள்ளத்துக்கும் இழைக்கப்படும் தீங்கு, பாலியல் கொடுமை, மிரட்டல், சுதந்திரத்தைப் பறித்தல் ஆகிய யாவும், வெளியிடத்தில் நடந்தாலும் வீட்டுக்குள் நடந்தாலும், வன்முறையே என்று அது கூறுகிறது. ஆகவே அடி மட்டுமே வன்முறை அன்று. பிள்ளைகளின் முன்னால் தாயைத் தூஷணத்தால் ஏசுவதும், அவளுடைய கூலிக் காசைப் பறிப்பதும், தாய்வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பதும் வன்முறைதான்.

எங்கோ சில வீடுகளில் நடப்பது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் ஓர் ஆய்வை நடத்தியது. கணவனுடனோ துணைவனுடனோ வாழ்ந்த பெண்களில் நூற்றுக்கு 20.4 பேர், அதாவது ஐந்தில் ஒருவர், அவனால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. இருபது குடும்பங்கள் உள்ள ஒரு வரிசையில் நான்கு வீடுகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

காரணம் வறுமையா?

"காணியுமில்லை, மாடுமில்லை, வேலையுமில்லை. அந்தக் கோபத்திலைதான் கை நீளுது" என்று ஆண்கள் சொல்வதுண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வயலையும் கிணற்றையும் விட்டுவந்த விவசாயி தன் மதிப்பையே இழந்ததாக உணர்கிறான். ஒரே அறையில் எல்லோரும் முடங்க வேண்டிய நெருக்கடி, கையில் வரும் சிறு காசையும் விழுங்கும் கசிப்பு ஆகியவை நிலைமையை மோசமாக்குகின்றன.

ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். கூலியைக் குறைத்த முதலாளியை இவன் அடிப்பதில்லை. நிவாரணப் பட்டியலில் பெயரை விட்ட அதிகாரியை அடிப்பதில்லை. வெறி முறிந்த பிறகுதான் பேசவேண்டும் என்று அவர்களிடம் பொறுமையாகவே நடந்துகொள்கிறான். திருப்பி அடிக்கமாட்டாள் என்று தெரிந்த இடத்தில்தான் கை நீளுகிறது. அதே காணியை இழந்து, அதே பசியோடு, ஆணைவிடக் குறைந்த கூலிக்கு வேலைசெய்துவிட்டு வந்தவள் அவள். எனவே வறுமை கோபத்துக்குக் காரணமாகலாம். அடிப்பதற்கான அனுமதியை வறுமை கொடுக்கவில்லை. "அவள் எனக்குக் கீழானவள்" என்ற எண்ணமே அதைக் கொடுக்கிறது.

தொடர்பு சாதனங்களின் பங்கு

இந்த எண்ணத்துக்கு இன்று நீர் ஊற்றி வளர்ப்பவை சினிமாவும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஆகும். விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணைக் கதாநாயகன் தெருத்தெருவாகப் பின்தொடர்கிறான். முடிவில் அவள் அவனையே காதலிக்கிறாள். வாயாடிப் பெண்ணுக்கு ஓர் அறை விழுந்ததும் திரையரங்கு கைதட்டுகிறது. இதைப் பார்த்து வளரும் பையன், பெண்ணின் "இல்லை" என்ற சொல்லுக்குப் பொருளில்லை என்று படித்துக்கொள்கிறான். ஒரு பெண் கெடுக்கப்பட்டால், செய்தவன் யார் என்பதைவிட, அவள் எத்தனை மணிக்கு எங்கே போனாள் என்பதையே சில பத்திரிகைகள் விபரிக்கின்றன.

இப்படிப் படித்த பாடம் பஸ்ஸில் நடைமுறைக்கு வருகிறது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் இலங்கை பற்றி வெளியிட்ட ஆய்வின்படி, பொதுப் போக்குவரத்தில் நூற்றுக்கு 90 பெண்கள் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். பொலிசாரின் உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு 4 பேரே.

சட்டம் என்ன சொல்கிறது?

1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொல்லை ஒரு குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வீட்டுக்குள் நடப்பதற்கும் பாதுகாப்புத் தருகிறது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நீதவான் முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளையும் வழங்கலாம். அடித்தவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் கட்டளையிடலாம். கட்டளை கேட்பதாலேயே கணவன் மறியலுக்குப் போவதில்லை. கட்டளையை மீறினால்தான் தண்டனை. "அவரை உள்ளே போட்டால் பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது?" என்று அஞ்சும் தாய்மார் இதை அறிந்திருக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

1. காயப்பட்ட பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால், விழுந்துவிட்டேன் என்று மறைக்காமல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவு பின்னர் சாட்சியாகும்.

2. மகளிருக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. பொலிஸ் அவசர இலக்கம் 119. இவற்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

3. பக்கத்து வீட்டில் கூக்குரல் கேட்டால் "குடும்பப் பிரச்சினை" என்று கதவைச் சாத்தாதீர்கள். இருவர் மூவராகச் சென்று படலையில் நின்று பெயர்சொல்லிக் கூப்பிட்டாலே பல தடவைகளில் ஓங்கிய கை இறங்கும்.

4. மகனுக்கும் மகளுக்கும் சோற்றையும் வேலையையும் சமமாகப் பகிருங்கள்.

உதவி கேட்டு வந்த பெண்களிடம் "பொறுத்துப் போ பிள்ளை" என்று சொல்லி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். ஒருத்தி கை முறிந்து திரும்பி வந்தபோதுதான், பொறுக்கச் சொல்ல வேண்டியது அவளுக்கன்று, நிறுத்தச் சொல்ல வேண்டியது அவனுக்கு என்று விளங்கியது. இழந்த காணி எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. நம் வீட்டுக்குள் ஒருவரும் அஞ்சாமல் வாழ்வது நம் கையில்தான் இருக்கிறது.