மாளிகைக்கு அருகே ஒரு கடைத்தெரு

கண்டிக்கு வருவோரிற் பெரும்பாலோர் தலதா மாளிகையைத் தரிசித்து, வாவிக்கரையைச் சுற்றி வந்து, பேராதனைப் பூங்காவுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். மாளிகைக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் பழைய வீதிகளை அவர்கள் வாகனத்தின் கண்ணாடி வழியே காண்பதோடு சரி. நேயர்களே, ஒரு பிற்பகலை ஒதுக்கி அவ்வீதிகளில் நடந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

இவ்வீதிகள் கோடு கிழித்தாற்போல நேராகச் செல்கின்றன. அவ்வொழுங்கு மன்னர் காலத்தது. பெயர்கள் மட்டும் மாறின. தலதா வீதி ஆங்கிலேயர் காலத்தில் வார்ட் வீதி, டி. எஸ். சேனநாயக்க வீதி அந்நாளில் திருகோணமலை வீதி. கொட்டுகொடெல்ல வீதியோ காசில் ஹில் வீதி. 

இன்னொரு பெயரும் கருதத்தக்கது. கண்டியில் மலபார் வீதி என்று ஒன்றுண்டு. அக்காலத்து ஆங்கில ஆவணங்களில் ‘மலபார்’ என்பது தமிழரைச் சுட்டிய சொல். மலையாளக் கரையென்று மயங்க வேண்டியதில்லை. கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்ட கடைசி நான்கு மன்னரும் மதுரைத் தொடர்புடைய நாயக்க வமிசத்தவர். மணவுறவின் வழியே வந்த அவர்தம் சுற்றத்தார் வாழ்ந்த தெரு அது. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் ஒப்பமாகிய கண்டி உடன்படிக்கை, மன்னனின் ஆண் உறவினர் எவரும் எழுத்து மூலமான அனுமதியின்றி இந்நாட்டினுட் கால்வைக்கலாகாது என்று விதித்தது. இவ்வாவியை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தான். ஆட்கள் போயினர், தெருப்பெயர் தங்கிவிட்டது.

தமிழரை வாசலில் நிறுத்திய அதே ஆங்கில ஆட்சி, சில ஆண்டுகளுக்குள் அவர்களை ஆயிரக்கணக்கில் உள்ளே அழைத்ததைத்தான் விந்தையென்று சொல்ல வேண்டும். மலைச்சரிவுகளிற் கோப்பி பயிராகத் தொடங்கியதும், மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாகத் தொழிலாளர் நடந்து வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. செட்டிமார் கிட்டங்கிகளும் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பெருகின. தீபாவளிக்குச் சேலையெடுக்கத் தோட்டத்துக் குடும்பங்கள் இறங்கி வரும் நகரமாயிற்று கண்டி. முஸ்லிம் வணிகரின் உறவு இதனினும் பழையது; போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களுக்குப் பதினேழாம் நூற்றாண்டிலேயே செனரத் மன்னன் தன் இராச்சியத்தில் இடமளித்தான்.

இனிக் கொட்டுகொடெல்ல வீதிக்கு வருவோம். கடைகளுக்கு நடுவே திடீரென ஒரு வாயில் தோன்றும். உள்ளே இருப்பது கதிர்காமத் தேவாலயம். எசல பெரஹரவில் மாளிகை ஊர்வலத்தைத் தொடர்ந்து நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நால்வரின் தேவாலய ஊர்வலங்களும் செல்வதை நேயர்கள் அறிவீர்கள். அவற்றுள் முருகனின் ஊர்வலம் புறப்படும் இடம் இதுவே. சிங்களப் பெண்மணி ஒருவர் பழத்தட்டை ஏந்தி நிற்க, அருகிலே தமிழ்த் தாயொருத்தி கைகூப்பி நிற்பது இங்கே அன்றாடக் காட்சி.

இதே வீதி ஒரு துயர வரலாற்றையும் சுமந்து நிற்கிறது. 1915ஆம் ஆண்டு மே மாதம், வெசாக் இரவில், இசையோடு வந்த பௌத்த ஊர்வலமொன்று இங்குள்ள பள்ளிவாசலை அணுகியபோது சச்சரவு மூண்டது. அது சில நாட்களிலே தீவின் பல பாகங்களுக்குப் பரவ, அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. பின்னர் 1983 ஜூலை 26ஆம் நாள், கொழும்பு வீதியிலும் அதனை அடுத்த தெருக்களிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. 2018 மார்ச்சில் நகரத்துக்கு வெளியே திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. சரக்கைத் திரும்ப வாங்கிவிடலாம். கடன் கொடுத்ததை எழுதிவைத்த கணக்குப் புத்தகம் எரிந்துபோனால், கடன்பட்டவரின் நேர்மையையன்றி வணிகருக்கு வேறு சான்றில்லை. அந்த நேர்மையை நம்பித்தான் கடைகள் மறுபடி திறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். திறக்காமலே போனவையும் உண்டு. இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களும் உண்டு.

நடந்து களைத்தவர்கள் ஏதேனும் ஒரு தேநீர்க்கடையில் அமரலாம். இங்குள்ள வழக்கத்தைப் புதியோர் அறிந்திருப்பது நல்லது. கேளாமலே ஒரு தட்டில் வடை, ரோல்ஸ், பற்றிஸ் முதலியவற்றை அடுக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைப்பார்கள். அத்தனையும் நமக்கென்று எண்ணி மலைக்க வேண்டாம். உண்டதற்கு மட்டுமே காசு. எஞ்சியது அடுத்த மேசைக்குப் போகும். சுகாதார வல்லுநர் முகஞ்சுளிக்கலாம். என் மனமோ வருபவனின் சொல்லை நம்பும் அவ்வழக்கத்தின் பக்கமே சாய்கிறது. இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேநீர் மலைக்குளிருக்கு இதம். தோசை வேண்டுவோர் டி. எஸ். சேனநாயக்க வீதிப் பக்கம் செல்லலாம். கொத்துரொட்டி வேண்டுவோருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை, இரும்புக் கல்லில் தகடு மோதும் ஓசையே அழைத்துச் செல்லும்.

தலதா வீதியின் மேற்கே மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. விபத்தொன்றில் மைந்தனை இழந்த முஸ்லிம் வணிகர் ஒருவர், அவன் நினைவாகக் கட்டுவித்து நகருக்களித்த கொடை அது. 1950இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க அதனைத் திறந்துவைத்தார்.

பெரஹர நாட்களில் இவ்வீதிகளுள் நுழைவதே அரிது. போயா நாட்களிற் பல கடைகள் அடைத்திருக்கும். ஆதலால் சாதாரண வாரநாள் ஒன்றில், வெயில் தாழ்ந்த பின் வருவதே உகந்தது. குடையை மட்டும் மறவாதீர்கள்.