பெட்டி பெரிசு, சத்தம் சிறிசு!

கூடத்து மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஸப்-ஊஃபர் என்று பெயர். ஹோம் தியேட்டர் வாங்கிய புதிதில் அது போட்ட போட்டில் அலமாரியிலிருந்த எவர்ஸில்வர் டம்ளர்கள் ஆடின. இப்போதோ காதை ஒட்டி வைத்துக் கேட்டால்தான் உயிர் இருப்பது தெரிகிறது. “போனால் போகிறது, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்” என்று வீட்டுக்காரர் ஆரம்பித்திருப்பார். கொஞ்சம் பொறுங்கள், சகோதரி! பர்ஸைத் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் செலவிடுங்கள். பல வீடுகளில் வியாதி பெட்டிக்குள் இருப்பதில்லை. பெட்டியைச் சுற்றித்தான் இருக்கிறது.

முதலில், இதன் வேலை என்ன? பாடுகிறவர் குரலும் வயலினும் சின்ன ஸ்பீக்கர்களின் பொறுப்பு. விநாடிக்கு ஏறக்குறைய 20 முதல் 120 அதிர்வுகள் வரை உள்ள அடித்தொனி மட்டுமே இதன் பங்கு. மயிலாப்பூர் சபாக்களில் மிருதங்க வித்வான் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூச்சு தோலின் கனத்தைக் கூட்டித் தொனியைத் தாழ்த்துகிறது. ஸப்-ஊஃபர் மௌனமானால், வீட்டில் கேட்கும் பாட்டும் ரவை பூசாத மிருதங்கம் மாதிரிதான்.

நொச்சிக்குப்பத்திலோ, பக்கத்துப் பட்டினப்பாக்கம், சாந்தோம் பகுதிகளிலோ குடியிருப்பவரானால் முதல் சந்தேகத்தைக் கடற்காற்றின் மேல் போடுங்கள். அலை உடைந்து தெறிக்கும் உப்பு, காற்றோடு ஜன்னல் வழியே வந்து எல்லாவற்றின் மேலும் படிகிறது. ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்பு, ஒயரைச் சும்மா விடுமா? மின்சார பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் ஒயரின் நுனியைப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருக்கிறதா? பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்கும் அதே களிம்புதான். அதற்காகப் புளியைக் கொண்டு வந்துவிடாதீர்கள்! நுனியை ஓரங்குலம் வெட்டி எறிந்து, புதிதாகத் தோலுரித்து, முறுக்கிச் செருகினால் போதும். குத்துகிற மாதிரிப் பின் இருந்தால் குழந்தையின் பென்ஸில் ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். பாதி வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஒயரைத் திரும்பச் செருகும்போது சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகிறதா என்று கவனியுங்கள். மாறிவிட்டால் ஸப்-ஊஃபர் காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் சின்ன ஸ்பீக்கர்கள் பின்னே இழுக்கும். கரைவலையை ஒருவர் கரைக்கு இழுக்க, இன்னொருவர் கடலுக்கு இழுத்தால் மீன் வருமா? இருவர் உழைப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும். சில பெட்டிகளில் இதற்கென்றே ‘ஃபேஸ்’ என்று ஒரு ஸ்விட்ச், 0, 180 என்ற அடையாளங்களுடன் இருக்கும். பாட்டு ஓடும்போதே இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்து, எது கனமாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

அடுத்தது வேடிக்கையான விஷயம். அறையே சத்தத்தை விழுங்கும்! விநாடிக்கு 50 அதிர்வுள்ள ஒலியின் அலை, சுமார் 7 மீட்டர் நீளம். உங்கள் கூடம் பதினோரு அடி நீளம் என்று வைத்துக் கொள்வோம். சரியாக அரை அலை. அப்போது அந்த ஒலி இரு சுவர் ஓரங்களிலும் முழங்கும். நடு அறையில் ஏறக்குறைய செத்துப் போகும். நம் குடியிருப்புகளில் சோபாவோ பாயோ நடுவில்தானே? பெட்டியையும் நடுச்சுவரில் சாய்த்திருந்தால் கேட்பானேன்!

பரிகாரம் சுலபம். பெட்டியைத் தூக்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வையுங்கள். ஒரு பாட்டைப் போட்டுவிட்டுச் சுவரோரமாக மண்டியிட்டு ஊர்ந்து வாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எந்த இடத்தில் அடித்தொனி திடமாகவும் தெளிவாகவும் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டி இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மூலையாக இருக்கும். மூலையில் சுவர்களும் தரையும் சேர்ந்து ஒலிக்குக் கை கொடுக்கின்றன.

இதற்கும் மசியாவிட்டால் ரிமோட்டை எடுங்கள். ‘நைட் மோட்’ என்று ஒன்று உண்டு. குழந்தை தூங்குகிறதே என்று என்றைக்கோ போட்டது, அப்படியே நின்றிருக்கும். அது அடித்தொனியைத்தான் முதலில் அமுக்கும். ‘ஸ்பீக்கர் ஸைஸ்’ என்ற இடத்தில் ‘லார்ஜ்’ என்றிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்குங்கள். பெரிய ஸ்பீக்கர் இருப்பதாக நம்பிக் கருவி தாழ்ந்த ஒலியை அங்கேயே அனுப்பி, ஸப்-ஊஃபரைப் பட்டினி போட்டிருக்கும்.

இன்னொன்று, காதின் குணம். 1933-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி இதைக் காட்டியது: ஒலியைக் குறைக்கக் குறைக்க, மற்றவற்றை விடத் தாழ்ந்த ஸ்வரங்களே காதுக்கு முதலில் மறையும். ஆகவே மெதுவாக வைத்துக் கேட்டால் பெட்டி சோம்பேறி போலத் தோன்றும். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ‘லௌட்னெஸ்’ பட்டன் வைத்தது இதற்காகத்தான்.

எல்லாம் செய்தும் பயனில்லையா? கோனைச் சுற்றியுள்ள பஞ்சு வளையத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வருஷக் கணக்கில் ஈரம் குடித்துப் பொடியாக உதிர்ந்திருந்தால் வளையம் மட்டும் மாற்றலாம். மவுண்ட் ரோடை அடுத்த ரிச்சி தெருவில் இந்த மாதிரி உதிரிச் சாமான்களுக்குக் கடைக்குக் கடை ஏறி விசாரிக்கலாம். புதுப் பெட்டியின் விலையாகாது. ஆனால் தனி மின்சாரக் கம்பியுள்ள பெட்டியை நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் கண்டென்ஸர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது மெக்கானிக்கின் வேலை.

பெட்டி சரியானதும் ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. தாழ்ந்த ஒலி சுவரைச் சுலபமாகத் துளைத்துப் போகும். வசனம் கேட்காவிட்டாலும் அடுத்த வீட்டில் இடி கேட்கும். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெஸிபெல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெஸிபெல்தான் வரம்பு. குப்பத்தில் விடியுமுன் படகு தள்ளப் போகிறவருக்கு இரவு ஒன்பதே நடுநிசி. அவர் வீட்டு அம்மாள் மறுநாள் மீன் கூடையோடு உட்கார வேண்டும். பெட்டிக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டால் தரை வழியே இறங்கும் அதிர்வு கொஞ்சம் மட்டுப்படும். ஒன்பதரை மணிக்கு அந்த நைட் மோடையே திரும்பப் போட்டுவிடுங்கள். காலையில் மறக்காமல் எடுத்துவிட்டால் சரி.