மேடு பள்ளத்தில் ஆக்சிலேட்டர்: டிராக்டர் காட்டும் வழி

2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. பெங்களூரில் வானம் பொத்துக்கொண்டது. மறுநாள் காலைக்குள் சுமார் 130 மில்லிமீட்டர் மழை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் நிரம்பி வழிந்தன. ஏமலூர் பக்கத்திலும் ஒயிட்பீல்டுக்குப் போகும் பாதைகளிலும் வெள்ளம். பல லட்சம் கொடுத்து வாங்கிய கார்கள் கூரையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் ஆளுக்கு 50 ரூபாய் கொடுத்து டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தன.

கார் நின்ற இடத்தில் டிராக்டர் எப்படிப் போயிற்று?

உயரமான சக்கரம், நல்ல எடை, மேலே இருக்கும் காற்றுக் குழாய். இவை பார்த்ததும் தெரியும் காரணங்கள். பார்த்ததும் தெரியாத காரணம் ஒன்று உண்டு. அது ஸ்டீரிங் பக்கத்தில் இருக்கும் கை ஆக்சிலேட்டர்.

அந்தக் கைப்பிடியை ஓர் அளவில் நிறுத்திவிட்டால் போதும். சேறு இழுத்தால் என்ஜினில் உள்ள கவர்னர் தானே டீசலைக் கூட்டும். இழுப்பு குறைந்தால் தானே குறைக்கும். உழுத வயலில் டிரைவரின் உடம்பு எப்படிக் குலுங்கினாலும் என்ஜின் ஒரே சீராக ஓடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் ஓட்டிய வில்லிஸ் ஜீப்பிலும், டாஷ்போர்டில் இழுத்து வைக்கும் ஆக்சிலேட்டர் குமிழ் ஒன்று இருந்தது. கரடுமுரடான தரையில் காலை நம்ப முடியாது என்பதை அன்றே தெரிந்து வைத்திருந்தார்கள்.

இன்றைய டெம்போவிலும் டிப்பரிலும் டாக்சியிலும் அந்தக் குமிழ் இல்லை. டிரைவரின் வலது காலே அந்த வேலையையும் பார்க்க வேண்டும்.

கால் துள்ளினால் வண்டி துள்ளும்

1882-ல் ஆங்கிலோ இந்தியர்களுக்காக மைசூர் மகாராஜா நிலம் கொடுத்து உருவான ஊர் ஒயிட்பீல்டு. இன்று அதன் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. கே.ஆர்.புரத்தில் இருந்து காடுகோடி வரை 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஆனால் தரையில்? மெயின் ரோட்டை விட்டு நாலு திருப்பம் உள்ளே போனால் புது லேஅவுட், தோண்டிப் போட்ட குழி, செம்மண் சேறு. சிமென்டும் ஜல்லியும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவற்றை ஏற்றிப் போகிறவர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து நம்மவர்கள் எத்தனையோ பேர். கிளட்ச் பிளேட் தீய்ந்தாலோ, ஆக்சில் ஷாப்ட் முறிந்தாலோ அன்றைய டிரிப் போயிற்று. முதலாளியின் முகமும் மாறும்.

பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் டிரைவரின் உடம்பு முன்னே சாய்கிறது. கால் தன்னை அறியாமல் பெடலை அழுத்துகிறது. வண்டி பாய்கிறது. பாய்ந்ததும் உடம்பு பின்னே போகிறது. கால் விலகுகிறது. வண்டி தொய்கிறது. இப்படி மாறி மாறி நடந்தால் வண்டி முரட்டு மாடு போல உதறும். ரோடு மோசம் என்று டிரைவர் திட்டுவார். பாதிக் குற்றம் ரோட்டினுடையது, மீதிப் பாதி காலினுடையது.

இதற்கு மருந்து எளிது. குதிகாலைத் தரையில் அழுத்தி ஊன்ற வேண்டும். பாதத்தின் ஓரத்தைப் பக்கத்துத் தகட்டில் சாய்த்துக்கொள்ள வேண்டும். முன்பாதம் மட்டும் பெடலின் மேல் அசையலாம். ஹவாய் செருப்பு இதற்கு ஆகாது, நனைந்தால் வழுக்கும். கார்மென்ட்ஸ் கம்பெனியில் பவர் மிஷின் ஓட்டும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்: பெடலை ஒரேயடியாக மிதித்தால் தையல் கோடு தாண்டி ஓடிவிடும். முதல் கியரில் வண்டியும் அப்படித்தான். கியர் குறையக் குறைய, கால் ஒரு நூல் அசைந்தாலும் சக்கரம் பெரிதாக உணரும்.

டீசல் வண்டியாக இருந்தால், சமமான கல் பாதையில் முதல் கியரில் காலையே எடுத்துவிடலாம். சுமை அதிகம் இல்லை என்றால் என்ஜின் தன் போக்கில் வண்டியை ஊர்ந்து நகர்த்தும்.

சேற்றில் கதை வேறு. டயருக்குப் பிடிமானம் ஓர் அளவுதான். அதற்கு மேல் சக்தி கொடுத்தால் சக்கரம் உருளாது, நின்ற இடத்தில் சுழலும். சுழலும் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும். டிபரன்சியல் உள்ள வண்டியில் பிடிமானம் இல்லாத சக்கரம் வெறுமனே சுற்ற, மறுபக்கச் சக்கரம் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் ஆத்திரத்தோடு இன்னும் மிதிக்கிறவர் உண்டு. சுற்றும் சக்கரம் திடீரென்று ஒரு கல்லைக் கவ்வினால் அவ்வளவு வேகமும் ஒரே அடியாக ஆக்சில் மேல் இறங்கும். ஷாப்ட் முறிவது அப்போதுதான். சக்கரம் சும்மா சுற்றுகிறது என்று தெரிந்த உடனே காலைத் தளர்த்த வேண்டும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் சேற்றை வழித்து, ஜல்லியோ பலகையோ போட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்துப் பார்க்கலாம்.

டிராக்டருக்கும் இங்கே விலக்கு கிடையாது. பின்சக்கரம் புதைந்திருக்கும்போது ஆக்சிலேட்டரைக் கூட்டி கிளட்சைப் படக்கென்று விட்டால், சக்கரம் சுற்ற முடியாமல் வண்டியின் மூக்கு மேலே எழும்பும். டிரைவர் குதிக்க நேரம் இருக்காது. அப்படியே பின்னால் கவிழ்ந்துவிடும்.

தண்ணீர் லாரி

2024 கோடையில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தபோது, டேங்கர் தண்ணீருக்கு அரசு விலை நிர்ணயம் செய்தது. 6 ஆயிரம், 8 ஆயிரம், 12 ஆயிரம் லிட்டர் என்று மூன்று தரம். 12 ஆயிரம் லிட்டர் என்றால் 12 டன். செங்கல் ஏற்றினால் வைத்த இடத்தில் இருக்கும். தண்ணீர் இருக்காது. ஆக்சிலேட்டரைத் திடீரென்று மிதித்தால் பின்னே ஓடும், விட்டால் முன்னே வந்து மோதும். குழியில் ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவும் சேர்ந்து சாயும். நிறைந்த டேங்கரைவிடப் பாதி டேங்கர்தான் பொல்லாதது, அலை அடிக்க உள்ளே இடம் இருக்கிறதே! உள்ளே தடுப்புத் தகடு இருந்தால் ஓரளவு தேவலை. ஒரு வீட்டில் பாதியை இறக்கிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகும் டிரைவர், வண்டி இலேசாகிவிட்டது என்று காலை அழுத்துவது ஆபத்து.

பேஸ்மென்ட் குழியில் இருந்து மண் ஏற்றி வரும் டிப்பருக்கு, ஏறும் முன்பே கியரை முடிவு செய்ய வேண்டும். நடு ஏற்றத்தில் மாற்றினால் வண்டி நின்றுவிடும். ஒரே சீரான மிதி, உச்சிக்கு வரும்போது சற்றுத் தளர்வு. அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரியாது. நடுவில் நின்றுவிட்டால் பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, நேராகப் பின்னிறங்க வேண்டும். நியூட்ரலில் விடவே கூடாது. இறக்கத்தில் முதல் கியர் போதும். ஆக்சிலேட்டரில் காலே வேண்டாம், என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

தேங்கிய தண்ணீரில் முதல் கியர், வழக்கத்தைவிடச் சற்றே கூடிய சத்தம், நடை வேகம். நடுவில் காலை எடுக்கக் கூடாது, கிளட்சைத் தொடக் கூடாது. வேகமாகப் போனால் முன்னால் எழும் அலை காற்றுக் குழாயில் ஏறும். பிஸ்டனால் காற்றை அமுக்க முடியும், தண்ணீரை முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்வது அந்தச் செலவைத் தானே வரவழைப்பது. ஆழம் தெரியாத இடத்தில் இறங்கவே வேண்டாம். ராஜகாலுவே எங்கே முடிகிறது, ரோடு எங்கே தொடங்குகிறது என்று வெள்ளத்தில் யாருக்கும் தெரியாது.

ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிற குமாஸ்தாவுக்கும், சாப்பாடு கொண்டு போகும் பையனுக்கும் கால் செய்யும் வேலையை மணிக்கட்டு செய்கிறது. கைப்பிடியை இறுகப் பிடித்தால் ஒவ்வொரு குழியிலும் ஆக்சிலேட்டர் தானே திருகும். முழங்கையைத் தளர்த்தி, உடம்பின் எடையைக் காலில் தாங்கினால் கை அமைதியாக இருக்கும். பாட்டரி ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கு இன்னும் கவனம் தேவை. பெட்ரோல் என்ஜின் சூடு பிடித்து இழுக்கும். மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுப்பைக் கொடுக்கக்கூடியது. ஈர மண்ணில் எடுக்கும்போது ‘எக்கோ’ என்ற நிலையில் வைத்துக்கொண்டால் அந்த இழுப்பு மட்டுப்படும். தண்ணீரைத் தாண்டிய பிறகு, நாலைந்து முறை பிரேக்கை இலேசாகப் பிடித்து உலர்த்திவிட்டு மெயின் ரோட்டில் ஏறலாம்.