கைப்பேசியில் இருக்கும் கைமுதல்

விடியும் முன்பே தாராவியின் தமிழ்க் குடியிருப்புகளில் இட்லி வேகத் தொடங்கிவிடுகிறது. பெரிய பாத்திரங்களை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு வியாபாரிகள் மும்பைத் தெருக்களுக்குப் புறப்படுகின்றனர். மாட்டுங்காவில் பூக்கடைகளும் செம்பூரில் காய்கறிக் கடைகளும் திறக்கின்றன. 2016-இல் யுபிஐ அறிமுகமான பின்னர், ஒரு தட்டு இட்லிக்கும் ஒரு முழம் பூவுக்குமான விலைகூடக் கைப்பேசி வழியே வங்கிக் கணக்கை வந்தடைகிறது.

அன்றைய வரவுதான் மறுநாள் அரிசிக்கும் உளுந்துக்குமான கைமுதல். அது ஒரே அழைப்பில் பறிபோனால் மறுநாள் அடுப்பு எரியாது. வளரும் நாடுகளின் நிலையும் இத்தகையதே. இழப்பைத் தாங்கும் சேமிப்பு அவற்றிடம் குறைவு. 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியிடமிருந்து இணையத் திருடர்கள் 8.1 கோடி டாலரைக் கவர்ந்தனர். இலங்கைக்கு அனுப்பப்பட்ட மேலும் 2 கோடி டாலர், பெறுநர் பெயரிலிருந்த எழுத்துப் பிழையால் ஐயம் எழுந்து தப்பியது. 2018 ஆகஸ்டில் நமது அண்டை நகரான புணேயில் ஒரு கூட்டுறவு வங்கி சுமார் 94 கோடி ரூபாயை இழந்தது.

வங்கிகள் தம் அரண்களை வலுப்படுத்தி வருகின்றன. ஆகவே திருடர்கள் இப்போது வாடிக்கையாளரின் அச்சத்தையும் அவசரத்தையும் குறிவைக்கின்றனர். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. அதைக் கேட்டாலே அது மோசடி என உணரலாம். 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று நமது சட்டத்தில் இல்லை. கடை வாசலில் உள்ள க்யூஆர் அட்டையின்மேல் வேறோர் அட்டை ஒட்டப்பட்டுள்ளதா என நாள்தோறும் பார்ப்பதும் நல்லது.

ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழைப்போம். பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறுமுன் அதை முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் தெரிவிப்போம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாத நிலையில், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது என வகுத்தது. நாமே பின் எண்ணைப் பகிர்ந்திருந்தால், புகார் செய்யும் வரையிலான இழப்பு நம்முடையதே என்றும் அது கூறியது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் பணம்தான்.

இன்றே 1930 என்ற எண்ணைக் கடையின் க்யூஆர் அட்டைக்கு அருகில் எழுதி வைப்போம். கல்லாப்பெட்டியைப் பூட்ட மறவாத நாம் இதையும் மறவாதிருப்போம்.