புத்தாண்டில் நம் மடல்

உறவினருக்கும் நண்பருக்கும் மாதந்தோறும் மடல் எழுதும் நாம், புத்தாண்டு பிறந்ததும் "புதிதாக என்ன எழுதுவது?" எனத் தயங்குகிறோம். இராயபுரத்தின் பெயருக்குக் காரணரான இராயப்பர், அதாவது புனித பேதுரு, நமக்கு வழிகாட்டுகிறார். மக்கள் ஏற்கெனவே அறிந்ததை நினைவூட்டவே எழுதுவதாக அவரது இரண்டாம் திருமுகம் கூறுகிறது (2 பேதுரு 1:12-13).

2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவையும், அம்மோனியா வாயுக் கசிவையும் அடுத்தடுத்துக் கண்டவர்கள் எண்ணூர் மக்கள். அவர்களுக்கு நம் மடலில் புதுமையான அறிவுரை தேவையில்லை. "நன்றாக உறங்குகிறீர்களா? மருத்துவரைப் பார்த்தீர்களா? பாடவும் வரையவும் நேரம் கிடைக்கிறதா?" எனக் கேட்டாலே போதும்.

களைத்திருந்த சீடர்களை இயேசு ஓய்வெடுக்க அழைத்தார் (மாற்கு 6:31). எழுதும் நமக்கும் அந்த அழைப்பு உண்டு. ஒரு மாதம் மடல் நின்றாலும் அன்பு நிற்காது. இவ்வாண்டின் முதல் மடலை, நாம் நெடுநாள் நலம் விசாரிக்காத ஒருவருக்கு எழுதுவோமா?