பிடிமானம் கணுக்காலில்

மட்டக்குதிரைகள் பழகும் தடை பெரும்பாலும் பெரியவர்களின் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. ஆனால் குதிரையின் முதுகில் இருக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு தாவலில் மூன்று உலுக்கல்கள் உண்டு. குதிரை பின்னங்கால்களை ஊன்றி எழும்பும்போது சேணத்தின் முன்பக்கம் உயரும். பிள்ளை பின்னால் சாயும். அந்தரத்தில் குதிரை முதுகை வளைத்துக் கழுத்தை நீட்டும். சேணம் கீழிருந்து உந்தும். முன்னங்கால்கள் தரையைத் தொட்டதும் வேகம் சட்டென்று குறையும். பிள்ளையின் உடலோ பழைய வேகத்திலேயே முன்னே போகப் பார்க்கும். யோசித்துச் சமாளிக்க இடையில் நேரமில்லை. உடல் முன்கூட்டியே சரியான நிலையில் இருந்தாக வேண்டும்.

அந்த நிலை எது என்பதில் ஒரு காலத்தில் பெரிய கருத்து வேறுபாடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரைப்படையினர் தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து கடிவாள வாரை இழுத்துப் பிடிப்பார்கள். அப்படிச் செய்தால் இறங்கும்போது முன்னங்கால்களில் சுமை குறையும் என்று நம்பினார்கள். இத்தாலியப் படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி (1868–1907) இதை மறுத்தார். கழுத்தை நீட்டித்தான் குதிரை தன்னைச் சமன்படுத்திக்கொள்கிறது, அதைத் தடுக்கக் கூடாது என்றார். அங்கவடியைக் குட்டையாக்கி, சேணத்திலிருந்து உடலைச் சற்றே உயர்த்தி, குதிரையின் போக்கோடு போகப் பழக்கினார். இன்றைய தடைதாண்டல் பயிற்சியின் அடிப்படை அதுதான். 1929இல் பிரிட்டனில் தொடங்கிய போனி கிளப்பில் பிள்ளைகள் கற்பதும் இந்த முறையைத்தான்.

முறை எளிது. அங்கவடி வாரை வழக்கத்தைவிட ஓரிரு துளை ஏற்றிக் கட்டுவார்கள். முழங்கால் மடங்கும், இடுப்பு சற்றுப் பின்னே போகும், மார்பு முன்னே வரும். உடலின் எடை தொடை வழியாக இறங்கிக் குதிங்காலில் முடியும். பாதத்தின் அகன்ற பகுதி அங்கவடியில் இருக்க, குதிங்கால் அதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். பைக்கின் ஷாக் அப்சார்பர் செய்யும் வேலையைக் கணுக்கால் இங்கே செய்கிறது. அது இறுகிவிட்டால் அதிர்ச்சி முழுவதும் மேலே ஏறி, பிள்ளையைச் சேணத்திலிருந்து தூக்கிவிடும்.

பயந்த பிள்ளை இயல்பாகச் செய்வது முழங்காலால் சேணத்தைக் கவ்வுவது. பார்க்க உறுதியாகத் தெரியும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. முழங்கால் இறுகியதும் அதுவே அச்சாகி, கீழ்க்கால் பின்னே நழுவும், மேலுடல் முன்னே கவிழும். குதிரை கடைசி நொடியில் நின்றுவிட்டால் பிள்ளை அதன் கழுத்தைத் தாண்டிப் போய் விழும். கீழ்க்கால் வயிற்றுப்பட்டை அருகிலேயே அசையாமல் இருந்தால் மேலுடல் கொஞ்சம் தடுமாறினாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

இன்னொரு தவறு, குதிரை எழும்பும்போது பின்தங்கிப்போய்க் கடிவாள வாரையே பிடிமானமாக்கிக்கொள்வது. வாயிலுள்ள இரும்பு சுரீரென்று இழுபடும். சில முறை அப்படி வலித்தால் எவ்வளவு சாதுவான மட்டக்குதிரையும் தடையைக் கண்டதும் நிற்கவோ விலகவோ தொடங்கிவிடும். பிறகு குதிரைக்குப் பிடிவாதம் என்பார்கள். இதைத் தவிர்க்கத்தான் கற்கும் பிள்ளையின் குதிரைக்குக் கழுத்துப் பட்டை ஒன்று மாட்டுவார்கள். தடை நெருங்கும்போது பிள்ளை அதையோ, கழுத்தின் நடுப்பகுதியில் பிடரி மயிரையோ பற்றிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; அது குதிரைக்குச் செய்யும் உபகாரம்.

மட்டக்குதிரைக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. பலவற்றுக்கு உடம்பு உருண்டை, தோள்மேடு தாழ்வு. சேணம் கழுத்தை நோக்கி நகரும். வாலடியில் மாட்டும் வால்பட்டை அதைத் தடுக்கும். கழுத்து குட்டை என்பதால் பிள்ளைக்கு முன்னால் இருக்கும் இடமும் குறைவு. எடுத்துவைக்கும் எட்டு சிறிதாகவும் விரைவாகவும் இருப்பதால் உடலைத் திருத்திக்கொள்ள நேரமும் குறைவு. பிள்ளை திடீரென வளரும் பருவத்தில் நேற்றுவரை பொருந்திய சேணமும் அங்கவடி நீளமும் பொருந்தாமல் போகும். சமநிலையை மறுபடி பழக வேண்டியிருக்கும்.

பயிற்சி தரையிலிருந்து தொடங்குகிறது. முதலில் குதிரை நிற்கும்போதும் பிறகு நடக்கும்போதும் தடை தாண்டும் நிலையில் உடலை வைத்துப் பழகுவார்கள். அடுத்து தரையில் கிடத்திய கழிகளை ட்ராட் என்னும் மிதவேக நடையில் கடப்பார்கள். மட்டக்குதிரைக்குக் கழிகளுக்கிடையே ஏறத்தாழ 1 முதல் 1.2 மீட்டர் இடைவெளி, குதிரையின் எட்டுக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ. பிறகு இரு கழிகளைக் குறுக்காகச் சாய்த்த தாழ்ந்த தடை. நடு தாழ்ந்திருப்பதால் குதிரை தானாகவே மையத்துக்கு வரும். கடைசியில் அளந்து வைத்த சிறு தடைகளின் வரிசை. எங்கே எழும்ப வேண்டும் என்பதை இடைவெளியே குதிரைக்குச் சொல்லிவிடுவதால் பிள்ளை தன் உடலை மட்டும் கவனித்தால் போதும்.

அங்கவடி இல்லாமல் உட்காரும் பயிற்சியும் உதவும். பயிற்றுநர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிட, பிள்ளை கைகளை விரித்தபடி சமநிலை பழகும். இதைச் சில நிமிடங்களுக்கு மேல் நீட்டக் கூடாது. களைத்த பிள்ளை மறுபடி முழங்காலால் கவ்வத் தொடங்கிவிடும். ஹெல்மெட், குதிகால் வைத்த பூட்ஸ் ஆகியவை இல்லாமல் எந்தப் படியும் கிடையாது; அங்கவடி மாட்டும்போது அது விழுந்தால் பாதத்தை விடுவிக்கும் பாதுகாப்பு அங்கவடியாக இருக்க வேண்டும்.

சிறிய குதிரை எவ்வளவு தாண்டும் என்பதற்கு ஸ்ட்ரோலர் சாட்சி. சுமார் 145 செ.மீ. உயரமே இருந்த அந்த மட்டக்குதிரையில் பிரிட்டனின் மரியன் கோக்ஸ் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் முழு வளர்ச்சி பெற்ற குதிரைகளுடன் மோதித் தனிநபர் வெள்ளி வென்றார்.

வேலியோரம் நிற்கும் பெற்றோர் பெரும்பாலும் கழியின் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். அதைவிட, குதிரை இறங்கிய அடுத்த இரண்டு எட்டுகளைப் பார்ப்பது நல்லது. கீழ்க்கால் இடத்தில் இருக்கிறதா, வார் தளர்வாக இருக்கிறதா, பார்வை அடுத்த தடைக்குப் போய்விட்டதா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் தொடர்ந்து வந்தால் கழியைத் தாங்கியில் ஒரு துளை ஏற்றலாம். ஒன்று தவறினாலும், குறுக்குக் கழிக்கே திரும்புவதுதான் பிள்ளைக்கும் குதிரைக்கும் நல்லது.